ஒரே துறை, ஒரே ஆட்கள், மூன்று மதிப்பெண்: ஐ.டி. நிர்வாகத்துக்கு எந்த முதிர்ச்சி அளவுகோல்?

கோயம்புத்தூரில் ஒரு வங்கி சாரா நிதி நிறுவனத்தின் ஐ.டி. தலைவர் தொலைபேசியில் அழைத்தார். குரலில் பாதி எரிச்சல், பாதி பயம். "சார், இயக்குநர் குழு எங்களிடம் ஒரே ஓர் எண் கேட்கிறது. போன முறை வந்த தணிக்கையாளர் மாற்ற மேலாண்மைக்கு 3 போட்டுவிட்டுப் போனார். இப்போது வந்தவர் 1 என்கிறார். இடையில் நாங்கள் எதையும் கெடுத்துக்கொள்ளவில்லை. இருவரில் யார் தவறு?"

இருவர் மீதும் தவறில்லை. மாற்ற மேலாண்மை என்பது சர்வரிலும் மென்பொருளிலும் செய்யும் மாற்றங்களை ஒழுங்காகக் கையாளும் வேலை. ஒருவர், ஐ.டி. துறையை நிர்வகிக்கும் முறைகளைத் தொகுத்துத் தரும் கோபிட் என்ற வழிகாட்டியின் பழைய 4.1 பதிப்பில் உள்ள முதிர்ச்சி ஏணியை வைத்து அளந்தார். மற்றவர் ஐ.எஸ்.ஓ. என்ற பன்னாட்டுத் தரநிலை அமைப்பின் ஏணியை வைத்து அளந்தார். இரண்டிலும் 0 முதல் 5 வரை ஆறு படிகள்தான். ஆனால் ஒன்றில் மூன்றாம் படி இருக்கும் உயரத்தில் மற்றதில் முதல் படிதான் இருக்கிறது.

இதே குழப்பத்தோடு பலர் கேட்கிறார்கள். ரிசர்வ் வங்கி 2023 நவம்பர் 7 அன்று ஐ.டி. ஆளுகை, இடர், கட்டுப்பாடுகள் குறித்த முதன்மை நெறிமுறையை வெளியிட்டது. 2024 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. வங்கிகளும், ரிசர்வ் வங்கியின் வகைப்பாட்டில் நடு அடுக்கிலும் அதற்கு மேலும் உள்ள வங்கி சாரா நிதி நிறுவனங்களும் இயக்குநர் குழு மட்டத்தில் ஐ.டி. வியூகக் குழு அமைக்க வேண்டும். அது காலாண்டுக்கு ஒரு முறையாவது கூட வேண்டும். கூடினால் ஏதாவது கேட்பார்கள் அல்லவா? அவர்கள் முதலில் கேட்பதே "நாம் எந்த நிலையில் இருக்கிறோம்?" என்பதுதான். அதை எந்தக் கோலால் அளப்பது என்பதை நெறிமுறை நிறுவனத்திடமே விட்டுவிட்டது. ஆலோசகர்கள் ஆளுக்கொரு கோலோடு வாசலில் நிற்கிறார்கள்.

## எதை வைத்து எடை போடுவது

முதல் கேள்வி: அந்த எண்ணைப் படிக்கப் போவது யார்? வாடிக்கையாளரா, இயக்குநர் குழுவா, ஒழுங்குமுறை அமைப்பா, அல்லது ஐ.டி. துறையே தன் குறைகளைக் கண்டுபிடிக்கப் பயன்படுத்தப் போகிறதா? வெளியாளுக்குக் காட்டும் எண் என்றால் அதற்கு மூன்றாம் நபரின் கையெழுத்தும் செல்லுபடிக் காலமும் வேண்டும். உள்ளே வைத்துக்கொள்ளும் எண்ணுக்கு அவை வீண் செலவு. நான் பார்த்த தவறான தேர்வுகளில் பெரும்பாலானவை இந்தக் கேள்வியைக் கேட்காமல் செய்தவை.

இரண்டாவது, கோலின் கண்டிப்பு. சில ஏணிகளில் கீழ்ப்படி முழுதாகத் தேறாமல் மேற்படிக்குப் போக முடியாது. சிலவற்றில் "ஏறக்குறைய இப்படித்தான் இருக்கிறோம்" என்றாலே போதும். மூன்றாவது, சான்றுச் சுமை: ஒவ்வொரு எண்ணுக்கும் எத்தனை ஆவணம், எத்தனை பேட்டி, யாருடைய எத்தனை நாள். நான்காவது, அது ஆளுகையைத் தொடுகிறதா, மேலாண்மையோடு நின்றுவிடுகிறதா. திசையைத் தீர்மானித்து, போகிறோமா என்று கண்காணிப்பது இயக்குநர் குழுவின் வேலை, அது ஆளுகை. அந்தத் திசையில் வண்டியை ஓட்டுவது மேலாண்மை. ஓட்டுநரை மட்டும் அளந்துவிட்டு வண்டி சரியான ஊருக்குப் போகிறது என்று சொல்லும் அறிக்கைகள் நிறைய உண்டு. கடைசியாக, எண் வந்த மறுநாள் காலையில் என்ன செய்ய வேண்டும் என்று அந்தக் கோல் சொல்கிறதா என்பது.

இந்த ஐந்தையும் ஓர் உதாரணத்தில் பொருத்திப் பார்க்கலாம். கோவைக்காரரின் நிறுவனத்தைப் போன்ற ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். சர்வரிலோ மென்பொருளிலோ எந்த மாற்றமானாலும் டிக்கெட் (கணினியில் பதியும் கோரிக்கை) போட வேண்டும் என்று எழுதப்பட்ட நடைமுறை இருக்கிறது. வாரம் ஒரு முறை மாற்றக் குழு கூடி ஒப்புதல் தருகிறது. பத்தில் ஒன்பது மாற்றம் இந்த வழியில்தான் போகிறது. ஆனால் சனிக்கிழமை இரவு கடன் கணக்கு மென்பொருள் நின்றுபோனால், தொலைபேசியில் ஒரு "சரி" வாங்கிக்கொண்டு நேரடியாகத் திருத்திவிடுகிறார்கள். டிக்கெட்டைத் திங்களன்று போடுகிறார்கள்; சில வாரம் அதையும் மறந்துவிடுகிறார்கள். எத்தனை மாற்றம் தோற்றது என்று யாரும் எண்ணுவதில்லை.

## கோபிட் 4.1: விவரணையோடு பொருத்திப் பார்ப்பது

ஐ.டி. தணிக்கையாளர்களின் பன்னாட்டுச் சங்கமான ஐசாகா 2007-இல் வெளியிட்ட இந்தப் பதிப்புக்குப் பிறகு இரண்டு தலைமுறை வந்துவிட்டது. இருந்தும் தணிக்கையாளர்களின் எக்செல் தாள்களில் இது இன்னும் உயிரோடு இருக்கிறது. காரணம் எளிமை. 34 செயல்முறைகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை ஆறு பத்திகள். எந்தப் பத்தி உங்கள் துறையைப் படம்பிடிக்கிறதோ அந்த எண் உங்களுடையது. 0 என்றால் செயல்முறையே இல்லை. 1 என்றால் ஆளுக்கு ஆள், நேரத்துக்கு நேரம் மாறுகிறது. 2-இல் பழக்கத்தால் ஒரே மாதிரி நடக்கிறது, ஆனால் அறிவு தனிமனிதர்களின் தலையில் இருக்கிறது. 3-இல் எழுதி வைத்திருக்கிறார்கள். 4-இல் அளக்கிறார்கள். 5-இல் அளந்ததை வைத்துச் செம்மைப்படுத்துகிறார்கள்.

நம் உதாரணத்துக்கு இங்கே 3 கிடைக்கும், தயக்கமே வேண்டாம். மாற்ற மேலாண்மையின் மூன்றாம் நிலை விவரணையே, முறையான நடைமுறை இருக்கிறது, ஆனால் குறுக்கு வழிகளும் நடக்கின்றன, நடைமுறையைப் பலமுறை தாண்டிப் போகிறார்கள் என்ற பொருளில்தான் எழுதப்பட்டிருக்கிறது. நம் சனிக்கிழமை இரவைப் பார்த்துவிட்டு எழுதியது போல இருக்கும். முதல் தணிக்கையாளர் போட்ட 3 நேர்மையான 3.

இது கதவு போல மூடித் திறக்கும் அளவுகோல் அல்ல என்பதை அந்த நூலே சொல்லிவிடுகிறது. ஒரு செயல்முறை ஒரே நேரத்தில் இரண்டு மூன்று நிலைகளின் குணத்தைக் காட்டலாம். விழிப்புணர்வு, கொள்கை, கருவிகள், திறமை, பொறுப்பு, அளவீடு என்று ஆறு கோணங்களில் தனித்தனியாகப் பார்க்கவும் அது ஒரு அட்டவணை தருகிறது. என்னைக் கேட்டால் அந்த ஆறு கோண அட்டவணைதான் இதன் சிறந்த பகுதி. "கருவி 4, பொறுப்பு 1" என்று வந்தால், லட்சக்கணக்கில் மென்பொருள் வாங்கிவிட்டு அதற்கு ஓர் ஆளை நியமிக்க மறந்துவிட்டார்கள் என்று ஒரே வரியில் தெரிந்துவிடும்.

மறைந்திருக்கும் செலவு, எண்ணின் நம்பகத்தன்மை. பத்தியைப் படித்து "இது நாம்தான்" என்று சொல்பவரின் மனநிலையைப் பொறுத்து எண் மாறும். துறைத் தலைவரைக் கேட்டால் 4, இரவுப் பணியில் இருக்கும் பொறியாளரைக் கேட்டால் 2. இன்னொன்று, 34 செயல்முறைகளில் ஐ.டி. ஆளுகைக்கென்று இருப்பது ஒன்றே ஒன்று. இயக்குநர் குழுவையே அளக்க நினைத்தால் கைக்கு அதிகம் சிக்காது.

## ஐ.எஸ்.ஓ. 33020: படிக்குப் படி சான்று

இதன் மூதாதை ஐ.எஸ்.ஓ. 15504. 1990களில் ஸ்பைஸ் என்ற பெயரில் தொடங்கிய திட்டத்தின் விளைவு. 2015 முதல் 33000 வரிசைத் தரநிலைகள் அதன் இடத்தைப் பிடித்தன. மதிப்பெண் போடும் முறை 33020-இல் இருக்கிறது. 2012-இல் வந்த கோபிட் 5 தன் பழைய ஏணியைத் தூக்கிப் போட்டுவிட்டு இந்த ஐ.எஸ்.ஓ. ஏணியை எடுத்துக்கொண்டது. அன்றுதான் உலகெங்கும் ஐ.டி. தலைவர்களின் மதிப்பெண் ஒரே இரவில் சரிந்தது. வேலையில் மாற்றமில்லை, ஏணி மாறிவிட்டது.

சரிவுக்குக் காரணம் முதல் படியின் உயரம். பழைய கோபிட்டில் 1 என்றால் கிட்டத்தட்ட வசவு. இங்கே 1 என்றால் செயல்முறை தன் நோக்கத்தை உண்மையிலேயே நிறைவேற்றுகிறது என்று பொருள். அதை எட்டாத எதுவும் 0. அதற்கு மேல் 2 என்றால் திட்டமிட்டுக் கண்காணித்து நடக்கிறது. 3 என்றால் நிறுவனம் முழுவதற்கும் பொதுவான வரையறையின்படி நடக்கிறது. 4-இல் எண்களால் கணிக்கக்கூடியதாக நடக்கிறது.

மதிப்பெண் போடும் முறை எனக்குப் பிடிக்கும். முதல் நிலைக்கு ஒரு பண்பு, அதற்கு மேல் ஒவ்வொரு நிலைக்கும் இரண்டிரண்டு. ஒவ்வொரு பண்பையும் நான்கு வகையில் குறிக்க வேண்டும்: 15 சதவீதம் வரை "இல்லை", 50 வரை "ஓரளவு", 85 வரை "பெருமளவு", அதற்கு மேல் "முழுமை". ஒரு நிலை கிடைக்க அந்த நிலையின் பண்புகள் "பெருமளவு" எட்டினால் போதும். ஆனால் அதற்குக் கீழே உள்ள எல்லா நிலைகளும் "முழுமை" ஆக வேண்டும். பாதி கட்டிய மாடியின் மேல் அடுத்த மாடி எழுப்ப இந்த முறை விடாது.

நம் உதாரணத்தை இதில் போடுவோம். கோபிட் 5-இல் மாற்ற மேலாண்மைக்கு நான்கு விளைவுகள் எழுதப்பட்டிருக்கின்றன. அவற்றில் ஒன்று, அவசர மாற்றங்கள் அனைத்தும் பிறகு பரிசீலிக்கப்பட்டு அங்கீகரிக்கப்பட வேண்டும் என்பது. சனிக்கிழமை இரவு அந்த இடத்தில்தான் சிக்குகிறது. மற்ற மூன்று பரவாயில்லை என்பதால் முதல் நிலை "பெருமளவு" தேறுகிறது; எனவே 1 கிடைக்கும். "முழுமை" இல்லை என்பதால் 2-க்குக் கதவு திறக்காது. எழுதப்பட்ட நடைமுறை, வாராந்திரக் கூட்டம், டிக்கெட் கருவி என்று மேல்நிலைகளுக்கான சரக்கு எவ்வளவு வைத்திருந்தாலும் கணக்கில் வராது. இரண்டாவது தணிக்கையாளரின் 1 இப்படித்தான் வந்தது.

கண்டிப்பு என்பதே இதன் பலம். பயிற்சி பெற்ற இரண்டு மதிப்பீட்டாளர்கள் தனித்தனியாகப் போனாலும் எண் பெரிதாக விலகாது. ஜெர்மானிய கார் நிறுவனங்களுக்கு மென்பொருள் செய்யும் சென்னை, கோவை, பெங்களூரு பொறியாளர்களுக்கு இந்த முறை புதிதல்ல. அவர்கள் சந்திக்கும் ஆட்டோமோட்டிவ் ஸ்பைஸ் இதே குடும்பம்தான். அங்கே உதிரிபாகம் வழங்குபவரிடம் நிலை 2 அல்லது 3 கேட்பது வழக்கம்.

விலை என்ன? 33020-இல் உங்கள் செயல்முறைகளின் பட்டியல் இருக்காது, மதிப்பெண் விதிகள் மட்டுமே இருக்கும். பட்டியலுக்குக் கோபிட் 5-இன் மதிப்பீட்டு மாதிரியையோ வேறொன்றையோ தனியாகப் பெற வேண்டும். தரநிலை ஆவணங்களுக்கும் காசு. இவற்றை எல்லாம்விடப் பெரிது ஆட்களின் நாட்கள். என் அனுபவத்தில் ஒரு செயல்முறையை ஒழுங்காகப் பார்க்க இரண்டு மூன்று நாள் போய்விடும். அதில் பாதி உங்கள் ஆட்கள் சான்று தேடும் நேரம். ஆலோசகரின் விலைப்புள்ளியில் அந்த வரி இருக்கவே இருக்காது. மனச்சோர்வு என்றொரு செலவும் உண்டு. இரண்டு ஆண்டு உழைத்த குழுவிடம் "நீங்கள் 1" என்று சொல்லிப் பாருங்கள்.

## கோபிட் 2019: முதலில் எது முக்கியம் என்று கேட்கும் கோல்

2016-இல் ஐசாகா, மென்பொருள் நிறுவனங்களின் திறனைப் படிப்படியாக அளக்கும் சி.எம்.எம்.ஐ. மாதிரியை நடத்தும் நிறுவனத்தைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. அடுத்து வந்த கோபிட் 2019, ஐ.எஸ்.ஓ. ஏணியைவிட்டு சி.எம்.எம்.ஐ. சாயலில் ஓர் ஏணிக்கு மாறியது. குடும்ப அரசியல் என்று சிரித்துக்கொள்ளலாம். விளைந்தது நல்லதுதான்.

இங்கே 40 நோக்கங்கள். அவற்றில் 5 முழுக்க ஆளுகை: மதிப்பிடு, வழிநடத்து, கண்காணி என்ற மூன்று வேலைகளும் இயக்குநர் குழுவுக்கு. மீதி 35 மேலாண்மை. ஒவ்வொரு நோக்கத்துக்குள்ளும் நடைமுறைகள், அவற்றுக்குள் செயல்கள். ஒவ்வொரு செயலின் பக்கத்திலும் அது எந்தத் திறன்நிலைக்குரியது என்று அச்சிட்டே இருக்கிறது. ஆகவே "3-க்குப் போக என்ன செய்ய வேண்டும்?" என்றால் பக்கத்தைத் திருப்பி, 3 என்று குறித்த செயல்களில் நாம் செய்யாதவற்றை எழுதிக்கொள்ளலாம். நாளைக் காலை வேலைப் பட்டியல் கேட்பவருக்கு இதைவிட வசதியான கோலை நான் பார்க்கவில்லை.

நம் உதாரணத்தில் மாற்ற மேலாண்மைக்கு நான்கு நடைமுறைகள்: கோரிக்கையை எடைபோட்டு ஒப்புதல் தருவது, அவசர மாற்றத்தைக் கையாள்வது, நிலையைத் தொடர்ந்து கவனிப்பது, முடித்து ஆவணப்படுத்துவது. இரண்டாவதில் மட்டும் ஓட்டை. என் கணக்கில் மொத்தத்துக்கு 2 போடுவேன். ஒருமுறை ஒரு சக தணிக்கையாளர் இதே மாதிரியான சூழலில் "இல்லை, 1 தான்" என்று என்னோடு மதியச் சாப்பாடு ஆறும்வரை வாதாடியிருக்கிறார். ஐ.எஸ்.ஓ. அளவுக்கு விதிகள் இறுக்கமில்லை என்பதற்கு அந்தச் சாப்பாடே சான்று.

இதன் தனிச் சிறப்பு, அளப்பதற்கு முன் 11 வடிவமைப்புக் காரணிகளைக் கேட்பது. நிறுவனத்தின் வியூகம், இடர்கள், அச்சுறுத்தல் சூழல், சட்டக் கட்டாயங்கள், ஐ.டி.யின் பங்கு, வேலையை வெளியே கொடுக்கும் முறை, நிறுவனத்தின் அளவு என்று போகும் பட்டியல் அது. விடைகளைக் கொண்டு 40-இல் எவை உங்களுக்கு உயிர்நாடி, எவை பிறகு பார்க்கலாம் என்று வரிசை வருகிறது. ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு இலக்கு நிலை வைக்கவும் வழி கிடைக்கிறது. தங்க நகைக் கடன் தரும் நிறுவனத்துக்குத் தொடர்ச்சியும் பாதுகாப்பும் 3 அல்லது 4-இல் இருக்க வேண்டியிருக்கலாம். புதுமை மேலாண்மை 1-இல் இருந்தால் கூரை இடிந்து விழாது.

மறைந்த செலவு இதே சிறப்பிலிருந்துதான் வருகிறது. அந்த 11 காரணிகளுக்கும் விடை சொல்ல வேண்டியவர்கள் மேல்மட்டத்தினர். அவர்களுக்கு நேரமில்லை என்று ஐ.டி. துறையே நிரப்பிவிட்டால், தனக்கு வசதியானவற்றுக்கே முன்னுரிமை கிடைக்கும். பிறகு 40-ஐயும் அளக்கச் சொல்லும் ஆலோசகர் வருவார். மறுத்துவிடுங்கள். முதல் ஆண்டில் எட்டு முதல் பன்னிரண்டு போதும்.

## சி.எம்.எம்.ஐ.: சுவரில் மாட்டும் சான்றிதழ்

ஏணி என்ற எண்ணத்தையே பரப்பியது இந்தக் குடும்பம்தான். 1980களில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்கு ஒரு தலைவலி: மென்பொருள் ஒப்பந்தக்காரர்கள் சொன்ன தேதியிலும் முடிப்பதில்லை, சொன்ன செலவிலும் முடிப்பதில்லை. யாரை நம்பி வேலை கொடுப்பது? ஐ.பி.எம்.மில் 27 ஆண்டு வேலை பார்த்துவிட்டு 1986-இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் மென்பொருள் பொறியியல் கழகத்துக்கு வந்த வாட்ஸ் ஹம்ப்ரி இதற்கு வழி தேடினார். 1991-இல் வந்த ஐந்து படி மாதிரி அந்தத் தேடலின் விளைவு. அதாவது, பிறக்கும்போதே இது வெளியாள் பார்க்கப் பிறந்த எண்.

அதன் பலனை இந்தியா அறுவடை செய்தது. 1990களில் மோட்டோரோலாவின் பெங்களூரு பிரிவு ஐந்தாம் நிலையை எட்டியது. அந்தப் பத்தாண்டின் இறுதியில் விப்ரோ போன்ற நிறுவனங்களும் எட்டின. கடல் கடந்த, முகம் தெரியாத வாடிக்கையாளருக்கு "நம்பலாம்" என்று சொல்ல அந்த ஐந்து பெரிதும் உதவியது. சோழிங்கநல்லூர் சாலையில் ஒரு காலத்தில் பெயர்ப் பலகைக்குக் கீழேயே நிலையை எழுதி வைத்திருப்பார்கள்.

இப்போதைய பதிப்பு 2023-இல் வந்த 3.0. முழு மதிப்பீட்டுக்கு அங்கீகாரம் பெற்ற தலைமை மதிப்பீட்டாளர் வேண்டும். முடிவு மூன்று ஆண்டு செல்லும், வெளிப்படையாகப் பட்டியலிடப்படும். 2018-இல் வந்த 2.0 முதல் எந்தத் திட்டத்தைப் பார்ப்பது என்பது தற்செயல் தேர்வில் வருவதால், அழகான இரண்டு கோப்புகளை முன்கூட்டியே தயாரித்து வைக்கும் பழைய வித்தை பலிப்பது கடினம். நிலை 3 வேண்டும் என்றால் அந்த நிலைக்கான எல்லாப் பகுதிகளும் தேற வேண்டும். ஒரு பாடத்தில் தோற்றால் மொத்தமும் தோல்வி. நம் நிதி நிறுவனம் இதில் இறங்கினால், மாற்ற மேலாண்மை ஒன்றைச் சரிசெய்து பயனில்லை. திட்டமிடல், ஒப்பந்ததாரர் மேலாண்மை என்று எது கீழே கிடக்கிறதோ அதுதான் மொத்த எண்ணையும் தீர்மானிக்கும்.

சான்றிதழைப் படிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. நிலை கிடைப்பது பெரும்பாலும் ஒரு பிரிவுக்கு. "நிலை 5 நிறுவனம்" என்ற விளம்பரத்தைக் கண்டால் எந்த ஊர், எந்தப் பிரிவு, எந்தத் தேதி என்று கேளுங்கள். உங்கள் வேலையைச் செய்யப் போகும் குழு அதில் இருந்ததா என்பதுதான் விஷயம்.

ஆளுகை என்ற தலைப்பில் ஒரு பகுதி இதில் உண்டு; மேலதிகாரிகள் செயல்முறைகளுக்கு ஆதரவும் கண்காணிப்பும் தருகிறார்களா என்று அது பார்க்கும். ஆனால் இயக்குநர் குழு ஐ.டி. முதலீட்டை எப்படித் தீர்மானிக்கிறது என்ற கேள்விக்கு இது போதாது. மென்பொருளையோ சேவையையோ விற்றுப் பிழைக்கும் நிறுவனத்துக்கு இந்தச் செலவு விற்பனைச் செலவு, திரும்பி வந்துவிடும். சொந்தத் தேவைக்கு ஐ.டி. வைத்திருக்கும் நிதி நிறுவனத்துக்கோ மருத்துவமனைக்கோ திரும்பி வர வழியே இல்லை.

## நிஸ்ட் அடுக்குகளும் செபி குறியீடும்

இவை இரண்டும் சைபர் பாதுகாப்புக்கு மட்டும். அமெரிக்க அரசின் தரநிலைக் கழகமான நிஸ்ட்டின் சைபர் பாதுகாப்பு வடிவமைப்பு 2014-இல் வந்தது. 2024-இல் வந்த 2.0 பதிப்பு ஆளுகையை ஆறாவது செயல்பாடாகச் சேர்த்தது. அதன் நான்கு அடுக்குகளைப் பலர் முதிர்ச்சி நிலைகளாகப் படிக்கிறார்கள். அவை முதிர்ச்சி நிலைகள் என்று கொள்ள வேண்டியதில்லை என்று அதன் முந்தைய பதிப்பிலேயே எழுதியிருக்கிறது. இயக்குநர்களோடு இடர் பற்றிப் பேச்சைத் தொடங்க நல்ல கருவி. அதற்கு மேல் பாரம் ஏற்றாதீர்கள்.

பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2024 ஆகஸ்டில் கொண்டுவந்த சைபர் பாதுகாப்பு வடிவமைப்பில் உள்ள திறன் குறியீடு வேறு வகை. 23 அளவுருக்கள், நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண். பங்குச் சந்தை போன்ற சந்தைக் கட்டமைப்பு நிறுவனங்கள் ஆறு மாதத்துக்கு ஒரு முறை மூன்றாம் நபரை வைத்தும், அடுத்த வரிசையில் உள்ள பெரிய நிறுவனங்கள் ஆண்டுக்கு ஒரு முறை தாங்களாகவும் மதிப்பிட வேண்டும். நீங்கள் அந்தப் பட்டியலில் இருந்தால் இது தேர்வே அல்ல, கட்டாயம். மற்ற கோல்களுக்கான சான்றையும் இதற்குத் திரட்டும்போதே சேர்த்துத் திரட்டிக்கொள்ளுங்கள்.

## ஒரே பார்வையில்

| | கோபிட் 4.1 | ஐ.எஸ்.ஓ. 33020 | கோபிட் 2019 | சி.எம்.எம்.ஐ. |
|---|---|---|---|---|
| நம் உதாரணத்தின் எண் | 3 | 1 | 2 | தனி எண்ணுக்கு மதிப்பில்லை. மொத்தமும் தேற வேண்டும் |
| யாருக்கான எண் | துறைக்குள் | தகராறு வரக்கூடிய இடம், வாகனத் துறை வாடிக்கையாளர் | இயக்குநர் குழு | வெளி வாடிக்கையாளர் |
| கண்டிப்பு | தளர்வு | மிக இறுக்கம் | நடுத்தரம் | இறுக்கம் |
| சான்றுச் சுமை | ஓரிரு நாள் பட்டறை | ஒவ்வொரு செயல்முறைக்கும் சில நாள் | தேர்ந்தெடுத்த எண்ணிக்கையைப் பொறுத்து | பல மாதத் தயாரிப்பு |
| ஆளுகை | 34-இல் 1 | எந்தப் பட்டியலோடு சேர்க்கிறோமோ அதைப் பொறுத்து | 40-இல் 5 | ஒரு பகுதி |
| மறுநாள் வேலைப் பட்டியல் | மங்கலாக | தெளிவு, ஆனால் கீழிருந்து மட்டுமே | மிகத் தெளிவு | தெளிவு |
| மறைந்த செலவு | சொல்பவரைப் பொறுத்து மாறும் எண் | ஆட்களின் நாள், மனச்சோர்வு | மேல்மட்டத்தின் நேரம் | மூன்றாண்டுக்குப் பிறகு மீண்டும் மதிப்பீட்டுச் செலவு |

## எந்தச் சூழலில் எது

வாடிக்கையாளர் ஒப்பந்தத்தில் நிலையின் பெயரையே எழுதிவிட்டால் யோசிக்க ஒன்றுமில்லை. கேட்டதைக் கொடுங்கள்.

ரிசர்வ் வங்கியின் நெறிமுறைக்கு உட்பட்ட, சொந்த ஐ.டி. வைத்திருக்கும் நிறுவனம் என்றால் என் ஓட்டு கோபிட் 2019-க்கு. வியூகப் பொருத்தம், இடர், வளம், செயல்திறன், தொழில் தொடர்ச்சி என்று நெறிமுறை பட்டியலிடும் ஐந்து ஆளுகைப் பகுதிகளுக்கும் நேரான நோக்கங்கள் அதில் இருக்கின்றன. இரட்டை வேலை இல்லை.

எண்ணின் மீது பணமோ வழக்கோ தொங்கும்போது ஐ.எஸ்.ஓ. முறை. இரண்டு வெளி ஒப்பந்ததாரர்களை ஒப்பிட்டு ஒருவரை விலக்கப் போகிறீர்கள், அல்லது பெரிய தடை ஒன்றுக்குப் பிறகு செயல்முறை நிஜமாகவே இருந்ததா என்று ஆராய்கிறீர்கள் என்றால் தளர்வான கோல் கைகொடுக்காது. அதையும் சிக்கலான இரண்டு மூன்று செயல்முறைகளோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஐ.டி.யில் ஐந்தாறு பேர் மட்டும் இருக்கும் நிறுவனங்கள்தான் இந்தக் கேள்வியில் அதிகம் ஏமாறுகின்றன. அவர்களுக்குக் கோபிட் 4.1-இன் பத்திகளை அச்சிட்டு, எல்லோரையும் ஒரு மேசையில் உட்காரவைத்து, ஒரு மதியம் பேசினால் போதும். எண்ணைவிட அந்தப் பேச்சில் வெளிவரும் "எனக்கு இது தெரியவே தெரியாதே" என்ற வாக்கியங்கள் மதிப்புள்ளவை. காப்புப் பிரதியை மீட்டுப் பார்த்தே இராத நிறுவனம் என்றால் எந்தக் கோலும் வேண்டாம். முதலில் மீட்டுப் பாருங்கள்.

## எந்தக் கோலிலும் ஒளிந்திருக்கும் இரண்டு பள்ளங்கள்

முதலாவது சராசரி. "எங்கள் நிறுவனம் 2.7" என்று சிலந்தி வலைப் படத்தோடு அறிக்கை வரும். இந்த எண்கள் வரிசையைக் காட்டுபவை. வகுப்பில் வாங்கிய ரேங்க் போன்றவை. ரேங்கைக் கூட்டி வகுத்தால் என்ன கிடைக்கும்? நான் பார்த்த ஓர் இடத்தில் அழகான 3.1 சராசரிக்குள் பேரிடர் மீட்பு 1-இல் ஒளிந்திருந்தது. வலைப்படத்தில் அது ஒரு சின்னக் குழி, யார் கண்ணிலும் படவில்லை. மின்சாரம் போய் இரண்டு நாள் கிளைகள் நின்றபோதுதான் பட்டது.

இரண்டாவது, உயர்ந்த படி மீதான ஆசை. நான்காம் நிலை என்பது பெரும்பாலான ஏணிகளில் அளவீட்டால் செயல்முறையைக் கட்டுப்படுத்துவது. மாதம் பன்னிரண்டு மாற்றம் செய்யும் நிறுவனத்தில் புள்ளியியல் என்ன சொல்லும்? பன்னிரண்டு புள்ளிகளுக்கு வரைபடம் போட ஓர் ஆளை வைப்பதைவிட, அந்தப் பன்னிரண்டையும் ஒழுங்காகச் செய்ய அதே ஆளை வைக்கலாம். ஐ.டி. தலைவரின் ஊக்கத்தொகையை நிலையோடு இணைத்துவிட்டால் இந்த ஆசைக்குச் சிறகு முளைத்துவிடும். மதிப்பீட்டுக்கு முந்தைய வாரம் ஆவணங்களில் பழைய தேதி போடும் வேலை தொடங்கும்.

## கோவைக்காரரின் 3-ஐ என்ன செய்வது

பழைய 3-ஐ 1-ஆக மாற்றும் வாய்பாடு எதுவும் இல்லை. இரண்டையும் ஒரே வரைபடத்தில் கோடு போட்டு இணைத்தால் வீழ்ச்சி போலத் தெரியும், அது பொய்யான வீழ்ச்சி. ஆகவே அவரிடம் சொன்னது இது. வியூகக் குழுவின் அடுத்த கூட்டத்துக்குப் பழைய எண்ணையும் புதிய எண்ணையும் தனித்தனிப் பக்கத்தில் வைக்க வேண்டும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் கோலின் பெயர், பதிப்பு, மதிப்பிட்டவர், தேதி, பார்த்த சான்றுகள் இருக்க வேண்டும். இனி எந்தக் கோலைத் தொடர்வது என்று குழுவே தீர்மானம் போட்டு, மூன்றாண்டுக்கு மாற்றாமல் இருக்க வேண்டும். அவர்கள் கோபிட் 2019-ஐ எடுத்தார்கள், ஒன்பது நோக்கங்கள்.

மாற்ற மேலாண்மைக்கு இலக்கு 3 என்று வைத்தார்கள். அதற்கு முன், சனிக்கிழமை இரவு தொலைபேசியில் "சரி" சொல்பவர் அடுத்த வேலைநாள் பதினொரு மணிக்குள் டிக்கெட்டில் கையெழுத்திட வேண்டும் என்று ஒரு வரியை நடைமுறையில் சேர்த்தார்கள். அந்த வரிக்கு ஆலோசகர் தேவைப்படவில்லை. முதல் மாதத்தில் நான்கு அவசர மாற்றங்கள் வந்தன. மூன்றில் கையெழுத்து நேரத்துக்கு வந்தது. நான்காவதில் "சரி" சொன்னவர் ஐ.டி. தலைவரே.